நிலம் ஆடையாகும் முறை: தழையுடை முதல் ஊன்ட்றொப் வரை

முன்னுரை

ஆடை வடிவமைப்புப் பயிலும் மாணவர் தம் கல்வியின் நிறைவில் ஓர் ஆடைத் தொகுப்பை உருவாக்கிக் காட்சிப்படுத்துவது இன்று உலகெங்கும் வழக்கமாகியுள்ளது. மலை, கடல், காடு, வறண்ட நிலம் முதலிய இயற்கை நிலக்காட்சிகளில் ஒன்றை அத்தொகுப்பின் கருப்பொருளாகத் தெரிவதும் பெருவழக்கு. இவ்வழக்கைக் குறிக்க இன்றைய தமிழ் ஆளும் ‘கருப்பொருள்’ என்னும் சொல், தொல்காப்பியம் ஐந்திணை நிலங்களுக்குரிய பொருள்களைக் குறிக்க ஆண்ட சொல்லின் வழிவந்ததாகும். நிலத்தையும் மனித வாழ்வையும் இணைத்து நோக்கும் இலக்கணத்தைத் தொன்றுதொட்டு உடைய மொழியில், நிலத்தையும் ஆடையையும் இணைக்கும் இந்தப் பயிற்சிக்கு எவ்வகை வரலாறு உண்டு என்பது ஆராய்தற்குரியது.

இவ்வினாவை எழுப்புவதற்குரிய இடமாக ஜேர்மனியின் ஊன்ட்றொப் அமைகின்றது. வடரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தின் ஹம் நகரைச் சேர்ந்த இப்பகுதியில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் உள்ளது. அதன் தேர்த்திருவிழாவின்போது, காஞ்சிபுரத்தின் நிறங்கள் வெஸ்ட்பாலிய வானின்கீழ் ஆயிரக்கணக்கில் அணிவகுக்கின்றன. அந்நிறங்கள் எந்த நிலத்துக்குரியவை, அங்குப் பிறந்து வளரும் தமிழ் மாணவர் ஒருவர் நிலக்காட்சியை அடியொற்றி ஆடை வடிவமைக்க முற்பட்டால் எந்த நிலத்தை நோக்க வேண்டும் என்னும் வினாக்கள் அங்கே இயல்பாக எழுகின்றன. ஆடைக்கும் நிலத்துக்கும் இருந்த பிணைப்பு படிப்படியாக அறுந்த வரலாற்றையும், அறுந்த பின்னர் அதனை மீட்கக் கல்விக்கூடங்கள் கைக்கொண்ட வழிகளையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

1. தழையும் கலிங்கமும்

தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என்பவற்றைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. ஆடை அவ்வடுக்கில் இல்லை. எனினும் அவ்வகைப்பட்ட பிறவும் கருவே என்று நூற்பா இடம் விட்டு முடிகின்றது. அவ்விடத்தை நிரப்பத்தக்க சான்றுகள் சங்கப் பாடல்களில் உள்ளன. அவற்றுள் முதன்மையானது தழையுடை. இலையும் பூவும் கொண்டு தொடுத்து மகளிர் இடையில் அணிந்த இவ்வுடையில் நிலம் உவமையாக நிற்கவில்லை, நிலமே உடுக்கப்பட்டது.

நற்றிணையின் 359ஆம் பாடலில், கபிலரின் குறிஞ்சித் தலைவிக்குத் தலைவன் தழை தருகின்றான். அதனை உடுத்தால் தாய்க்கு அஞ்ச வேண்டும். திருப்பிக் கொடுத்தால் தலைவன் வருந்துவான். இவ்விரு அச்சங்களுக்கிடையே தழை வாடிவிடுமோ என்பதே பாடலின் கவலை. வருடை ஆடும் பாய இயலாத, தெய்வம் உறையும் மலையடுக்கத்தில் கொய்த அரிய தழை அது என்பதைப் பாடல் இறுதியில் வெளிப்படுத்துகின்றது. தாய் அத்தழையைக் கண்டால் மகளுக்கு அதைத் தந்தவன் ஒருவன் உளன் என்பதை அறிவாள். ஆடை தான் வந்த இடத்துக்குச் சான்றாகின்றது; ஆதலின் அச்சம் பிறக்கின்றது.

புறநானூற்றின் 248ஆம் பாடலில் இப்பிணைப்பு வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. ஒக்கூர் மாசாத்தனார் பாடிய அப்பாடலில், கணவனை இழந்த பெண்ணொருத்தி வெள்ளாம்பலை நோக்கி இரங்குகின்றாள். இளமையில் தழையாகி உடுக்க உதவிய அந்த ஆம்பலே, கைம்மைக் காலத்தில் காலந்தப்பி உண்ணும் புல்லரிசியாகின்றது. ஒரே நீர்நிலையின் ஒரே கொடி அவள் வாழ்வின் இரு நிலைகளையும் தாங்குகின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள், ஆம்பல் கருப்பொருள், இழப்பின் துயர் உரிப்பொருள் எனத் திணைக் கோட்பாட்டின் மூன்று அடுக்குகளும் ஓர் உடையில் வந்து கூடுவதாக இப்பாடலைப் படிக்க இடமுண்டு. புறத்திணைப் பாடலாயினும் அகத்திணையின் பகுப்பு இங்கு விளக்கம் தருகின்றது.

நெய்த துணியைப் புலவர் வருணித்த முறையும் கருதத்தக்கது. பொருநராற்றுப்படை, இழை சென்ற வழியைக் கண்ணால் அறிய இயலாத நுண்ணிய ஆடையைப் பாம்பின் தோலுரிக்கு ஒப்பிடுகின்றது. பெரும்பாணாற்றுப்படை கலிங்கத்தை ஆவிக்கு ஒப்பிடுகின்றது. புறநானூற்றின் 383ஆம் பாடல் பாம்புரியோடு மூங்கிலின் உட்புறத்து மெல்லிய சவ்வையும் உவமையாக்குகின்றது. ஆவி, உரி, மூங்கிற்சவ்வு ஆகிய மூன்றும் வெளிறியவை. ஒளி ஊடுருவும் மென்மையுடையவை. தமிழர் ஆடை என்றவுடன் இன்று நினைவுக்கு வரும் செறிந்த செம்மையும் பசுமையும் இவ்வுவமைகளில் இல்லை. இக்குறிப்பு பின்னர் ஊன்ட்றொப் பற்றிய பகுதியில் பயன்படும்.

2. வேரும் சாயமும்

தழையுடை வழக்கொழிந்த பின்னரும் ஆடை நிலத்திலிருந்து முற்றாகப் பிரியவில்லை. நிறம் அதனை நிலத்தோடு பிணைத்தது. சோழமண்டலக் கரையிலும் வட இலங்கையிலும் இப்பிணைப்பின் மையமாக விளங்கியது சாயவேர். இம்பூறல் எனவும் வழங்கும் இச்சிறு செடி கடலோர மணற்பாங்கில் வளர்வது. அதன் வேர்ப்பட்டையில் அலிசரின் என்னும் செந்நிறப் பொருள் உண்டு. படிகாரம் ஏற்றிய பருத்தித் துணியை வேர்ச்சாற்றில் இட்டுக் கொதிக்க வைக்குங்கால் கழுவினாலும் போகாத சிவப்புப் பற்றுகின்றது. கிளிஞ்சல் கலந்த சுண்ணாம்புச் சத்துள்ள மணலில் விளைந்த வேரே சிறந்த சிவப்பைத் தரும் எனத் தொழிலறிந்தோர் கருதினர். அவ்வாறாயின் அச்சிவப்பு நெய்தல் நிலத்தின் மண்ணிலிருந்தே பிறந்த நிறமாகும்.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் பெருவிருப்புடன் வாங்கிய சோழமண்டலப் பூந்துணிகளின் சிவப்பு இவ்வேரிலிருந்து வந்தது. நீலத்தை அவுரி தந்தது. கடுக்காயும் பாலும் துணியைப் பக்குவப்படுத்தின. இயேசு சபைத் துறவியாகிய கேர்தூ, 1742இல் எழுதிய கடிதத்தில் இத்தொழிலின் படிநிலைகளை ஐரோப்பியர்க்கு விரிவாக விளக்கினார். ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் சாயவேர் அரசுக்கு வருவாய் தரும் பொருளாக இருந்தது. வேர் தோண்டுவதையே கடமையாகச் சுமந்த மக்கட்பிரிவினர் அங்கு வாழ்ந்தனர். நிறத்தின் அழகுக்குப் பின்னால் மணலைக் கிண்டிய கைகளின் உழைப்பு இருந்தது என்பதும் இவ்வரலாற்றின் பகுதியாகும்.

தழையுடையில் நிலம் உடலின்மீது நேரே கிடந்தது. சாயவேர்த் துணியில் நிலம் இழைக்குள் இறங்கியது. வடிவம் மாறினும், துணியின் நிறத்தைக் கண்டு அதன் மண்ணைச் சொல்லத்தக்க நிலை நீடித்தது.

3. ரைன் நாட்டின் வேதியியல்

அந்நிலையை மாற்றிய நிகழ்வுகள் ஜேர்மனியில் நடந்தன. 1863இல் பார்மன் நகரில் பாயர் நிறுவனம் சாயத் தொழிலகமாகத் தொடங்கப்பட்டது. இன்று வூப்பெர்ட்டால் நகரின் பகுதியாகிய பார்மன், ஊன்ட்றொப் அமைந்த அதே மாநிலத்தைச் சேர்ந்தது. 1865இல் ரைன் ஆற்றங்கரையில் பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் தோன்றியது. 1868இல் கிரேபெ, லீபர்மான் ஆகிய வேதியியலார் அலிசரினைக் கரித்தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு ஆக்கினர். மறு ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. சாயவேரின் பட்டைக்குள் மணலும் மழையும் ஆண்டுக்கணக்கில் சேர்த்த அதே பொருளை இனித் தொழிற்சாலை எங்கும் எப்பொழுதும் ஆக்கவல்லதாயிற்று. 1897இல் பி.ஏ.எஸ்.எப். செயற்கை அவுரிநீலத்தையும் சந்தைக்குக் கொணர்ந்தது.

இந்திய அவுரிப் பயிர்த்தொழில் இதனால் விரைந்து வீழ்ச்சியுற்றது. சாயவேர்த் தொழிலும் நலிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியச் சாயச் சந்தையில் ஜேர்மானியச் செயற்கைச் சாயங்கள் பெரும்பங்கு பெற்றிருந்தன. கைத்தறியாளர்க்கு இம்மாற்றம் இழப்பை மட்டும் தரவில்லை. முன்னர் நாட்கணக்கில் உழைத்துப் பெற்ற நிறத்தைக் குறுகிய காலத்தில் பெறவும், முன் இல்லாத நிறங்களைத் துணியில் ஏற்றவும் அவரால் இயன்றது. இன்று மரபு எனப் போற்றப்படும் பட்டுச் சேலையின் ஒளிமிக்க நிறங்களுள் பல இவ்வேதியியல் இன்றிப் பிறந்திரா.

எனினும் ஒரு பிணைப்பு அறுந்தது. அலிசரின் சிவப்பு எந்த மணலுக்கும் உரியதன்று. அதனைக் கண்டு நிலத்தைச் சொல்ல எவராலும் இயலாது. நிலக்காட்சியிலிருந்து ஆடைக்குக் கருத்துப் பெறுதல் என்னும் பயிற்சிக்குத் தேவை எழுந்தது இதன் பின்னரே. நிலமே ஆடையாகவோ சாயமாகவோ இருந்த காலத்தில் அதனைத் தேடிச் செல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பிரிந்துபோன ஒன்றையே தேடிச் செல்ல வேண்டும்.

4. பெயரில் தங்கிய நிலம்

காஞ்சிபுரத்துப் பட்டு இப்பிரிவுக்குப் பின்னரும் நிலத்தை வேறொரு வழியில் காத்தது. அதன் மூலப்பொருள்கள் அவ்வூர் மண்ணைச் சார்ந்தவை அல்ல. பட்டு நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. சாயம் வேதியியல் ஆக்கம். இருப்பினும் நெசவாளரும் வணிகரும் நிறங்களுக்கு இட்டு வழங்கும் பெயர்கள் அனைத்தும் நிலத்திலிருந்து எழுந்தவை. மாந்தளிர், மயில்கழுத்து, கிளிப்பச்சை, கத்தரிப்பூ, எலுமிச்சை, மாதுளை, வெங்காயத்தோல், சந்தனம், அரக்கு என நீளும் அப்பட்டியல் ஒரு தோட்டத்தையும் ஒரு சமையற்கட்டையும் ஒரு கோயில் சூழலையும் ஒருங்கே கண்முன் நிறுத்துகின்றது.

இவற்றுள் மயில்கழுத்து தனித்துக் கருதத்தக்கது. பாவில் ஒரு நிறமும் ஊடையில் மற்றொரு நிறமும் இட்டு நெய்யுங்கால், துணி அசையுந்தோறும் நீலமும் பச்சையும் மாறி மாறித் தோன்றுகின்றன. மயிலின் உருவம் எங்கும் வரையப்படவில்லை; மயிலின் கழுத்தில் ஒளி செய்யும் செயலை நெசவின் கட்டமைப்பே செய்கின்றது. இயற்கையைப் படமாக ஒற்றாமல் அதன் இயங்குமுறையைத் துணியின் இயங்குமுறையாக்கும் இத்திறன், வடிவமைப்புக் கல்வி இன்று கற்பிக்க முயலும் உயர்நிலைப் பாடமாகும்.

கரைகளில் நெய்யப்படும் மல்லிமொக்கு, உருத்திராக்கம், மயில்கண், குயில்கண், அன்னப்பட்சி ஆகியவையும் அத்தன்மையன. மல்லிமொக்கு கரையில் ஒரு சிறு வடிவமாகச் சுருங்கி, ஒழுங்கான இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருகின்றது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வை முறையில் மூன்று நாடாக்கள் இயங்குகின்றன; நெசவாளரோடு துணையாள் ஒருவரும் தறியில் அமர்கின்றார். உடல் ஒரு நிலமாகவும் கரை மற்றொரு நிலமாகவும் நிற்க, இரண்டும் சந்திக்கும் இடமே நெசவாளரின் கைத்திறனுக்குச் சோதனையாகின்றது. 2005-06இல் காஞ்சிபுரப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. மூலப்பொருளால் அறுந்த ஊர்ப்பிணைப்பைத் தொழில்திறனின் பெயரால் சட்டம் மீண்டும் உறுதி செய்தது எனலாம்.

5. நிலக்காட்சியைப் பாடமாக்கிய பள்ளிகள்

சாயத்தை நிலத்திலிருந்து பிரித்த அதே ஜேர்மனி, நிறத்தையும் இழையையும் இயற்கையிலிருந்து மீண்டும் கற்கும் முறையை வகுத்தமை வரலாற்றின் ஒரு திருப்பமாகும். 1919இல் வைமர் நகரில் தொடங்கப்பட்ட பௌஹவுஸ் பள்ளியில், யோகன்னஸ் இட்டன் தொடக்கநிலைப் பாடத்தை 1923 வரை நடத்தினார். மரப்பட்டை, கம்பளி, கல், இலை முதலியவற்றைத் தொட்டும் நோக்கியும், அவற்றின் முரண்களை மாணவர் தாமே உணர்வது அப்பாடத்தின் அடிப்படை. அப்பள்ளியின் நெசவுக்கூடத்தைப் பின்னர் குண்டா ஸ்டொல்சில் வழிநடத்தினார். ஓவியர் பவுல் கிளே நெசவு மாணவியர்க்கு வடிவக் கோட்பாடு கற்பித்தார். அங்குப் பயின்ற ஆனி ஆல்பர்ஸ் நெசவுக் கலையின் சிந்தனையாளர்களுள் ஒருவராக உயர்ந்தார்.

இட்டன் 1932 முதல் 1938 வரை கிரேபெல்ட் நகரில் துணிப்பரப்புக் கலைக்கான உயர்நிலைத் தொழிற்பள்ளியின் தலைவராகப் பணியாற்றினார். பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் பெயர்பெற்ற கிரேபெல்ட், ஊன்ட்றொப்பிலிருந்து மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பட்டு ஆலைகளுக்கு வடிவமைப்பாளரை ஆயத்தப்படுத்தும் அப்பள்ளியில் இயற்கையைக் கூர்ந்து நோக்குதல் பயிற்சியின் பகுதியாயிற்று. இட்டன் 1961இல் வெளியிட்ட நிறக்கலை பற்றிய நூலில் இளவேனில், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என்னும் நான்கு பருவங்களையும் உருவங்கள் இன்றி நிறத்தொடர்பு மட்டுங் கொண்டு காட்டியுள்ளார். மரமோ மலரோ வரையப்படாமலே பருவம் அறியப்படுகின்றது. தொல்காப்பியம் பெரும்பொழுதை ஆறாகப் பகுத்து ஒவ்வொன்றையும் திணைக்கு உரிமையாக்கியதோடு இது ஒப்புநோக்கத்தக்கது. காலத்தாலும் நோக்கத்தாலும் வேறுபட்ட இவ்விரண்டும், நிலக்காட்சியைப் பொருள்களின் தொகையாகக் காணாமல் உறவுகளின் ஒழுங்காகக் காண்பதில் ஒன்றுபடுகின்றன.

தமிழ்ச் சூழலிலும் இத்தகைய முயற்சிகள் தோன்றின. 1936இல் கலாஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி, மறுஆண்டில் அங்கு நெசவுப் பகுதியைத் தொடங்கினார். பழைய அகலக் கரைகளும் நிற இணைகளும் நடன அரங்கின் வழியே மறுவாழ்வு பெற்றன. 1950களில் இந்திய அரசு நிறுவிய நெசவாளர் சேவை மையங்கள் ஓவியரையும் தறியாளரையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தன. 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமும், 1986இல் தில்லியில் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனமும், 1995இல் அதன் சென்னை மையமும் தோன்றின. மாணவர் தொகுப்பு என்னும் வழக்கு இக்கல்விக்கூடங்களின் வழியே தமிழகத்தில் வேரூன்றியது.

இலங்கையில் ஓவியர் பார்பரா சன்சோனி வேறொரு வழியைக் காட்டினார். கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய நெசவுக்கூடத்துப் பெண்களுக்கு வடிவமைத்துக் கொடுக்கத் தொடங்கிய அவர், 1960களில் பெயார்புட் நிறுவனத்தை உருவாக்கினார். தீவின் வயல், கடல், இலைத்தொகுதி ஆகியவற்றின் நிறங்கள் அவருடைய கைத்தறித் துணிகளில் கோடுகளாகவும் பட்டைகளாகவும் அமைந்தன. காட்சியின் உருவங்களை நீக்கி, நிறங்களின் அளவையும் அடுத்தடுத்த வரிசையையும் மட்டும் தறிக்குக் கொண்டுவந்தமை அவர் முறையின் சிறப்பு. கலைஞர் ஒருவரின் பார்வை, தறியில் அமர்ந்த பெண்களின் வாழ்வாதாரமாகவும் ஆயிற்று.

6. ஊன்ட்றொப்பின் நிலமும் நிறமும்

1983ஆம் ஆண்டின் இன வன்முறைக்குப் பின்னர் இலங்கைத் தமிழர் பெருந்தொகையினராக ஜேர்மனியில் புகலிடம் தேடினர். ஹம் நகரில் 1989இல் சிறு அளவில் தொடங்கிய வழிபாடு வளர்ந்து, ஊன்ட்றொப்பின் தொழிற்பேட்டைப் பகுதியில் புதிய கோயிலாக எழுந்தது. 2002 யூலை 7ஆம் நாள் அதன் குடமுழுக்கு நிகழ்ந்தது. 27 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட அக்கோயிலின் இராசகோபுரம் 17 மீட்டர் உயரமுடையது. ஆண்டுதோறும் நடைபெறும் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான அடியார் வருகின்றனர். அருகிலுள்ள டாட்டெல்ன்-ஹம் கால்வாய் தீர்த்தமாடும் இடமாகின்றது. 1914இல் ஹம் வரையும் 1933இல் ஊன்ட்றொப்பை அடுத்த ஷ்மேகௌசன் வரையும் வெட்டப்பட்ட அக்கால்வாய், நிலக்கரியும் சரக்கும் செல்வதற்காக அமைந்த நீர்வழியாகும்.

இந்நிலம் ஐந்திணையுள் எதனோடும் எளிதில் பொருந்துவதன்று. ஒருபுறம் லிப்பே ஆற்றின் ஈரப் புல்வெளிகள். மறுபுறம் மின்னிலையங்களும் பண்டகசாலைகளும். இங்கேயே இயங்கிய உயர்வெப்ப அணு உலை 1989இல் நிறுத்தப்பட்டது. அதன் குளிர்கோபுரம் 1991இல் தகர்க்கப்பட்டது. புகைபோக்கிகள் உயர்ந்த தொடுவானத்தில் இராசகோபுரம் எழுந்தது. காலைப் பனிமூட்டத்தில் ஆறும் புல்லும் வானும் ஒரே சாம்பல் வெளிர்ப்பில் கரைவது இந்நிலத்தின் இயல்பான தோற்றம்.

தேர்நாளில் இச்சாம்பல் நிறத்தின்மேல் அரக்கும் மாந்தளிரும் மயில்கழுத்தும் விரிகின்றன. காஞ்சியின் தெய்வத்துக்குக் காஞ்சியின் பட்டு உடுத்தி வரும் பெண்கள், தாம் விட்டுவந்த நிலத்தின் நிறங்களைச் சுமந்து வருகின்றனர் என்பது பொதுவான புரிதல். வரலாறு அப்புரிதலைச் சற்றுச் சிக்கலாக்குகின்றது. அந்நிறங்களை முதன்முதல் நிலத்திலிருந்து விடுவித்த வேதியியல், இதே மாநிலத்தின் ஆற்றோரங்களிலும் வளர்ந்த ஒன்று. பட்டின் ஒளிமிகு நிறம் ஒருவகையில் தான் புறப்பட்ட நாட்டுக்கே திரும்பியுள்ளது. அதனோடு வந்த புதுமை நிறமன்று. அந்நிறத்துக்குத் தமிழ் இட்ட பெயரே. சாயம் ரைன் நாட்டினது. மாந்தளிர் என்னும் சொல் தமிழ் நிலத்தினது.

இங்கேதான் இழப்பின் அச்சம் உள்ளது. ஜேர்மன் மொழியில் கல்வி பயிலும் தலைமுறைக்கு நிறத்தின் பெயர் அம்மொழியிலேயே முதலில் நாவுக்கு வரும். துணிக்கடைத் திரையில் நிறம் எண்ணாலோ பொதுப் பெயராலோ குறிக்கப்படுகின்றது. மாமரத்தின் தளிரைக் கண்டிராத பிள்ளைக்கு மாந்தளிர் என்னும் சொல்லைத் தாயோ பாட்டியோ சேலையைத் தொட்டுக் காட்டிச் சொன்னாலன்றி அது சென்று சேராது. சாயவேர் நலிந்தபோது நிறத்துக்கும் மண்ணுக்கும் இருந்த பிணைப்பு அறுந்தது. பெயரும் மறைந்தால், நிறத்துக்கும் மண்ணின் நினைவுக்கும் எஞ்சியுள்ள பிணைப்பும் அறும்.

7. மாணவர் தொகுப்புக்கு ஒரு வரலாற்று அடிப்படை

இவ்வரலாறு, நிலக்காட்சியை அடியொற்றி ஆடைத்தொகுப்பு உருவாக்கும் மாணவருக்கு, குறிப்பாகப் புலம்பெயர்ந்த தமிழ் மாணவருக்கு, மூன்று நெறிகளை உணர்த்துகின்றது.

முதலாவது, முதற்பொருள் சார்ந்தது. நிலத்தின் உருவப்படத்தைத் துணியில் அச்சிடுவது நிலத்தை ஆடையாக்குவதாகாது. அந்நிலத்தின் ஒளி எத்தகையது, எப்பருவத்தில் எப்பொழுதில் நோக்கப்படுகின்றது, எந்நிறம் எவ்வளவு பரப்பில் நிற்கின்றது என்பவற்றை அளந்தறிவதே தொடக்கம். இட்டனின் பருவ நிறங்களும் சன்சோனியின் கோடுகளும் இதற்குச் சான்று.

இரண்டாவது, கருப்பொருள் சார்ந்தது. நிலத்தின் பொருள்கள் துணியின் கட்டமைப்பில் இடம்பெற வேண்டும். மயில்கழுத்தில் ஒளிமாற்றம் பாவும் ஊடையும் ஆனதுபோல, லிப்பே ஆற்றின் பனிமூட்டம் மெல்லிழையின் அடுக்குகளாகலாம். கால்வாயின் நேர்கோடு கோர்வைக் கரையாகலாம். சங்கப் புலவர் துணிக்குக் கண்ட ஆவியும் உரியும் மூங்கிற்சவ்வும் இங்குப் புதுப்பொருள் பெறுகின்றன. வெஸ்ட்பாலியாவின் வெளிர் சாம்பல், தமிழ் ஆடை மரபுக்குப் புறம்பான நிறம் அன்று; செறிந்த நிறங்களுக்கு முன்னரே தமிழ்ப் புலவர் போற்றிய நுண்மையின் நிறம் அது. புகுந்த நாட்டின் நிலக்காட்சியை நோக்குவதால் பிறந்த மரபை விட்டு விலகியதாகாது என்பதற்கு இவ்வுவமைகள் வலிமையான ஆதாரமாகும்.

மூன்றாவது, உரிப்பொருள் சார்ந்தது. ஆம்பலின் தழை வாழ்வின் இரு நிலைகளைத் தாங்கியது போல, ஆடை அணிபவரின் நிலையைத் தாங்க வேண்டும். பனிக்காலத்தில் பட்டுச் சேலையின்மேல் தடித்த மேலங்கி அணிந்து கோயிலுக்குச் செல்லும் பெண்ணின் உடையில் இரு நிலங்கள் ஏற்கெனவே சந்திக்கின்றன. இன்று அச்சந்திப்பு திட்டமின்றித் தேவையால் நிகழ்வது. மேலங்கி சேலையை மறைக்காமல் அதன் கரையோடு உரையாடுமாறு வடிவமைப்பது மாணவர் ஏற்கத்தக்க உண்மையான பணி. அரங்கில் ஒருமுறை காட்டி முடியும் தொகுப்பைவிட அது நெடுங்காலம் பயன்படும்.

இம்மூன்றோடு ஓர் அறமும் இணைகின்றது. சாயவேர் தோண்டியவரும் கோர்வைத் தறியில் துணையாளாக அமர்ந்தவரும் நிறத்தின் வரலாற்றில் பெயரின்றி மறைந்தனர். நிலத்திலிருந்து கருத்துப் பெறும் மாணவர், அந்நிலத்தில் உழைப்பவரையும் தம் தொகுப்பின் கணக்கில் சேர்த்தல் வேண்டும். சன்சோனியின் முயற்சி நிலைபெற்றமைக்கு அதன் நிறங்களோடு, நெய்தவருக்கு அது தந்த வாழ்வும் காரணமாயிற்று.

முடிவுரை

தழையுடையில் நிலம் உடையாயிற்று, சாயவேரில் நிறமாயிற்று, செயற்கைச் சாயத்துக்குப் பின்னர்ப் பெயராக எஞ்சியது. வடிவமைப்புக் கல்வி அப்பெயரிலிருந்தும் பார்வையிலிருந்தும் பிணைப்பை மீளக் கட்ட முயல்கின்றது. இவ்வரலாற்றின் முக்கிய நிகழ்வுகள் சில தமிழ்க் கடற்கரைகளிலும் சில ரைன் நாட்டிலும் நடந்தன. இரண்டும் சந்திக்கும் இடமாக ஊன்ட்றொப் இன்று நிற்கின்றது.

அங்குள்ள வீடுகளின் அலமாரிகளில் இருக்கும் பட்டுச் சேலைகளின் நிறப்பெயர்களை, அவற்றை உடுத்திய பெண்களிடம் கேட்டுத் தொகுப்பது மாணவர் எவரும் இன்றே தொடங்கக்கூடிய பணி. அத்தொகை ஓர் ஆடைத்தொகுப்புக்கு முன்னுரையாகவும், புலம்பெயர்ந்தோர் வரலாற்றுக்கு ஆவணமாகவும் அமையும். லிப்பே ஆற்றின் காலைச் சாம்பலுக்கு ஒரு தமிழ்ப் பெயர் அப்பட்டியலில் புதிதாகச் சேருமாயின், நிலமும் ஆடையும் மொழியும் கொண்ட பழைய உறவு ஆறாவது நிலமொன்றிலும் தொடர்ந்தது என்பதற்கு அதுவே சான்றாகும்.